ஒற்றைச் சிலிண்டர்

இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துப் பிடித்து, கிழித்த வேட்டித் துணியால் செவ்வந்தி முடிச்சுப் போட்டாள். முடிச்சு நழுவியது. அவிழ்த்து மறுபடியும் போட்டாள்.

"நீ எதுக்குத்தா இதெல்லாம் தொட்டுக்கிட்டு? தள்ளு. ஆம்பளைக வந்து கட்டட்டும்" என்றாள் பக்கத்து வீட்டு ராக்கு.

"பதினாலு மாசமா மூத்திரப் பையி மாத்துறப்ப எந்த ஆம்பள வந்தான் மதினி?"

ராக்கு விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனாள்.

வேல்சாமி டிரைவர் செத்து இன்னும் ஒரு மணி நேரம் ஆகவில்லை. காலை ஆறே முக்காலுக்கு, மகள் செவ்வந்தி ஊட்டிய இரண்டாவது கரண்டிக் கஞ்சி தொண்டையில் இறங்காமல் கடைவாயில் வழிந்தபோது போய்விட்டார். இடுப்புக்குக் கீழே செத்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. மீதி இன்றைக்கு. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு படுக்கைப் புண். அதற்கு மருந்து வைத்து வைத்து செவ்வந்தியின் விரல் நுனியில் மருந்து வாடை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. சோறு பிசைந்தாலும் அந்த வாடைதான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வேறொன்று வந்திருந்தது. அது நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு, இன்றைக்குத்தான், இன்றைக்குத்தான் என்றது.

தலைமாட்டில் சுவரோடு சாய்ந்திருந்த அம்மா இராமலட்சுமி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அண்ணனுக்குப் போன் போட்டாச்சா?"

புருஷன் செத்த பிறகு அம்மா பேசிய முதல் வார்த்தை அது. செவ்வந்தி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இந்தா போடுறேன். வருவாரு. வராம எங்க போவாரு? கோடி போடணும்ல."

வாசலுக்கு வந்து போன் போட்டாள். "அய்யா போயிட்டாரு மாமா. கோடி எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள். "அய்யோ, மாப்ள" என்று சேதுராமன் மாமா உடைந்து அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வரவேண்டும். கூடப்பிறந்தவன் புதுச்சேலை எடுத்து, கொட்டோடு தெருவில் நடந்து வந்து, ஊர் பார்க்க அவள் தோளில் போடவேண்டும். உனக்கு நான் இருக்கிறேன் என்று அண்ணன்காரன் வாயால் சொல்வதில்லை. சேலைதான் சொல்லும். அது தோளில் விழாமல் பிணத்தைத் தூக்கமாட்டார்கள். கூடப்பிறந்தவன் திருப்பூரில் இருந்தாலும் வந்துசேரும் வரைக்கும் பாடை காத்துக்கிடக்கும்.

சேதுராமன் அவ்வளவு தூரத்தில் இல்லை. ராமநாதபுரத்தில் மூன்று டூரிஸ்ட் பஸ் வைத்திருந்தார். அதில் ஒன்றைத்தான் வேல்சாமி ஓட்டினார்.

பங்காளிகள் வந்துவிட்டார்கள். மூத்தவர் கூத்தையா பெரியப்பா, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை ஏவினார். வாசலில் மூங்கில் பிளந்துகொண்டிருந்த இரண்டு பேர் பேசிக்கொண்டது செவ்வந்தியின் காதில் விழுந்தது.

"நல்ல டிரைவர்தாம்ப்பா. இருவத்தாறு வருசத்துல ஒரு கோழி மேல ஏத்துனதில்ல."

"என்ன செஞ்சு என்ன? ஒரு நிமிசம் தூங்கிட்டாரு. போச்சுல்ல."

செவ்வந்தி கையிலிருந்த குடத்தை நங்கென்று கீழே வைத்தாள். இருவரும் திரும்பிப் பார்த்துவிட்டு மூங்கிலைப் பிளந்தார்கள்.

பத்தாவது முடித்ததும் ராமநாதபுரத்தில் சதக்கத்துல்லா பாயின் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் உதிரிபாகம் விற்கிற கடை. முதல் வருடம் பெட்டிகளைத் துடைத்தாள். அடுத்த வருடம் பெட்டிக்குள் இருப்பதன் பெயர் படித்தாள். அதற்கப்புறம், "ஒரு வாஷர் வேணும், இம்புட்டு இருக்கும்" என்று மெக்கானிக் விரலை வளைத்துக் காட்டினால் போதும், எந்த அலமாரி, எந்த டப்பா என்று பார்க்காமலே எடுத்துக் கொடுப்பாள். "பொம்பளப் புள்ளைக்கு என்ன தெரியும்" என்று ஆரம்பத்தில் கேட்டவர்கள் பின்னால், "அந்தப் புள்ளைய வரச் சொல்லுங்க பாய்" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

போன வருடம் மாசிக் கடைசியில் மாமா கடைக்கு வந்தார். வரும்போதே சிரிப்பு.

"ஏத்தா மருமகளே, மாமன் வண்டி ஏர் பஸ்ஸாப் போச்சு, தெரியும்ல? நெத்தியில எழுதியாச்சு. செவப்புல."

"எழுதியாச்சா? எல்லாம் மாட்டியாச்சா மாமா?"

"பட்டையக் கழத்திட்டு நாலு பலூனும் மாட்டியாச்சு. கம்ப்ரசர்தான் பழசு, கெடந்து முக்குது. அதுக்குத்தான் வந்தேன்."

வடக்கேயிருந்து ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாட வருகிறவர்கள் குலுங்காத வண்டியாகக் கேட்டார்கள். இரும்புப் பட்டைகளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பலூன்கள் தாங்குகிற வண்டி. மற்ற முதலாளிகள் அப்படிப் புதிதாகவே வாங்கிவிட்டார்கள். மாமா பதிமூன்று வருடப் பழைய வண்டியை அப்படி மாற்றினார். பெயரை முதலில் எழுதிவிட்டு வண்டியைப் பிறகு மாற்றினார்.

பஸ்ஸில் பிரேக் பிடிப்பதும் காற்றால்தான், அந்தக் காற்றை டேங்கில் அடைப்பது கம்ப்ரசர். செவ்வந்தி மூன்றைக் காட்டினாள். முதலாவது பேட்டரியில் ஓடுகிற சின்னது.

"இது காருக்குத்தான் லாயக்கு மாமா. பஸ்ஸுக்குப் போட்டா அரை மணி நேரத்துல சூடேறிப் பொசுங்கிரும்."

இரண்டாவது எஞ்சினே சுற்றி ஓட்டுகிற ஒற்றைச் சிலிண்டர். பழைய கம்ப்ரசர் இருந்த இடத்திலேயே அப்படியே உட்கார்ந்துகொள்ளும். மூன்றாவதும் எஞ்சினில் ஓடுவதுதான், ஆனால் இரட்டைச் சிலிண்டர். நல்ல கனம். தூக்க முடியாமல் சாக்கில் வைத்துத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இதுதான் உங்களுக்கு வேணும். கூட ஒரு தனி டேங்கு, ஒரு காப்பு வால்வு."

"எதுக்கு? இத்தன வருசமா ஒத்தச் சிலிண்டர்லதான வண்டி ஓடுது?"

"பிரேக்குக்கு மட்டும் ஓடுச்சு மாமா. ஒரு கொழாயில ஒரு வீட்டுக்குத் தண்ணி வந்துச்சு, சரியாப் போச்சு. இப்ப அஞ்சு வீட்டுக்குப் பைப்பு இழுத்திருக்கீங்க. நாலு பலூனும் குடிச்சது போக மிச்சக் காத்துதான் பிரேக்குக்கு. ஒரு பலூன் கிழிஞ்சா இருக்கிற காத்தெல்லாம் அந்த வழியாப் போயிரும். இந்த வால்வு இருந்தாத்தான் பிரேக்குக் காத்த விடாமப் பிடிச்சு வைக்கும்."

மாமா பெரிய கம்ப்ரசரைக் காலால் லேசாக நகர்த்திப் பார்த்தார். "இத மாட்ட எத்தன நாளாகும்?"

"பிராக்கெட்டு புதுசா அடிக்கணும். பெல்ட்டு, ஆயில் பைப்பு எல்லாம் மாத்தணும். நாலு நாளு."

"நாலு நாளா! சனிக்கிழமை ராஜஸ்தான் பார்ட்டி ஏறுது. ஏர் பஸ்ஸுன்னு வாக்குக் குடுத்திருக்கேன். சின்னதக் குடு. சீசன் முடியவும் பெருச மாட்டிக்குவோம்."

"வேணாம் மாமா."

"ஓட்டப்போறது யாரு? உங்கய்யா. அவருக்குத் தெரியாத வண்டியா? எடுத்துக் குடுத்தா, மணியாச்சு."

எடுத்துக் கொடுத்தாள். பெட்டியின் தூசியைத் துடைத்து, ரசீதில் தன் கையெழுத்தில் 'கம்ப்ரசர், ஒற்றை' என்று எழுதிக் கொடுத்தாள்.

பத்தே நாளில் அய்யா கடைக்குப் போன் செய்தார்.

"ஏத்தா, ஸ்டார்ட் பண்ணி இருவது நிமிசம் நின்னாத்தான் காத்து மீட்டரு முள்ளு ஏறுது. ரெண்டு தடவ மிதிச்சா பஸ்ஸர் கெடந்து கத்துது."

டேங்கில் காற்று குறைந்தால் டிரைவருக்குச் சொல்கிற சத்தம் அது. அடுத்த வாரம் மறுபடியும் பேசினார். இந்தத் தடவை சிரித்துக்கொண்டு பேசினார்.

"பஸ்ஸர் சத்தம் நின்னுபோச்சு. புள்ளைக முழிச்சுக்குதுன்னு வடநாட்டு அம்மா ஒண்ணு சண்டைக்கு வந்துருச்சு. மச்சான் வயர வெட்டச் சொல்லிட்டாரு."

"ஓட்டாதீங்கய்யா."

"நான் எறங்குனா வேற எவனாவது ஏறுவான். அவனுக்கு இந்த முள்ளப் பாத்து ஓட்டத் தெரியாது. நானாவது பாத்துக்கிட்டே ஓட்டுறேன்."

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் மத்தியானம், ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும்போது, உச்சிப்புளிப் பக்கம் ஒரு ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கேட்டுக்கு முன்னால் ஏர்வாடி தர்காவுக்குப் போகிற வேன் ஒன்று ஆள் நிறைய நின்றது. வண்டியின் பின் பலூன் ஒன்று வழியிலேயே கிழிந்துவிட்டது. முள் கீழே விழுந்ததை அந்த நேரம் பார்த்து வேல்சாமி கவனிக்கவில்லை. கத்தவேண்டிய பஸ்ஸரும் கத்தவில்லை. மிதித்தார். பிரேக் இல்லை. வேனில் மோதாமல் வண்டியை ஒடித்துப் பனங்காட்டுக்குள் விட்டார். நாற்பத்தொரு பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. டிரைவர் சீட் மட்டும் பனையோடு நசுங்கிப்போனது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரரிடம் அவரே வாக்குமூலம் கொடுத்தார். "கண்ணு அசந்துட்டேன்."

செவ்வந்தி கத்தப் பார்த்தாள். அவர் அவளுடைய கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"நான் உசுரோட இருக்க வரைக்கும் அந்த வண்டியப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது. யாருகிட்டயும். உங்கம்மாகிட்டயும்தான். சத்தியம் பண்ணு."

"ஏன்யா?"

அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டும் சரி, அவர் காரணம் சொல்லவில்லை.

தூங்கிய டிரைவர் என்று ஊர் சொன்னது. சரக்கு போட்டிருந்தார் என்று சிலர் சேர்த்துக்கொண்டார்கள். செவ்வந்தி மத்தியானம் வரைக்கும் கடையிலும் அப்புறம் அய்யாவின் கட்டிலோடும் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா சாத்துக்குடிப் பையோடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவார். அவர் தலை தெரிந்ததும் அய்யா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாமா எழுந்து போனதும் அம்மா பிடித்துக்கொள்வாள். "எங்கண்ணன் எம்புட்டுத் தூரம் வந்திருக்காக! மொகங்குடுத்து ரெண்டு வார்த்தை பேசுனா கொறஞ்சா போயிருவீக? வண்டிய நொறுக்குனதும் நீங்க, மூஞ்சியத் திருப்புறதும் நீங்களா?" அடுப்படியில் செவ்வந்தி சாத்துக்குடியை இரண்டாக அறுப்பாள். கத்தி பலகையில் இறங்குகிற சத்தம் வெளியே கேட்கும்.

யாரிடமும் சொல்லாத இன்னொன்றும் அவளிடம் இருந்தது. உயிரோடு இருக்கிற வரைக்கும் என்றுதானே அய்யா சொன்னார்? அவருக்குக் காய்ச்சல் ஏறிய நாட்களில் எல்லாம் மனசின் ஒரு மூலை, அதுக்கப்புறம் சொல்லலாம், அதுக்கப்புறம் சொல்லலாம் என்று காத்திருந்தது. அப்படி நினைத்ததற்காக ஒரு நாள் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். மூலை அடங்கவில்லை.

பதினொரு மணிக்கு சதக்கத்துல்லா பாய் பஸ்ஸில் வந்து இறங்கினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு அய்யாவின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பந்தலில் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். செவ்வந்தி தண்ணீர் கொடுத்தாள்.

"அழுதுரு புள்ள" என்றார் பாய். "கண்ணப் பாத்தா பயமா இருக்கு."

"பெறகு அழுவேன் பாய். வேலை கெடக்கு."

ஒரு மணிக்கு மேல் தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. "மச்சினன் வந்துட்டாக, கோடி வருது" என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் ஒப்பாரியை ஏற்றினார்கள். மாமா முன்னால் வந்தார். கண் வீங்கியிருந்தது. கையில் தாம்பாளம், அதில் பாக்கு நிறத்தில் மடித்த சேலை. பின்னால் அவர் வீட்டு ஆட்கள், மாலைகள். பந்தல் வாசலுக்கு அவர் வந்தபோது செவ்வந்தி குறுக்கே நின்றாள்.

"நில்லுங்க மாமா."

கொட்டுக்காரர்கள் இரண்டு அடி தப்பாக அடித்துவிட்டு நிறுத்தினார்கள்.

"என்னத்தா?"

"அந்த வண்டியில பிரேக்கு ஏன் பிடிக்கல? இங்கன நின்னு சொல்லுங்க. சொல்லிட்டு உள்ள வாங்க."

"ஏலா செவ்வந்தி!" கூத்தையா பெரியப்பா எழுந்துவிட்டார். "எழவு வீட்டுல என்ன பேச்சுப் பேசுற? கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

மாமா கூட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "விடுங்க, விடுங்க. புள்ள தாங்கமாட்டாமப் பேசுது." தாம்பாளத்தைத் தன் ஆளிடம் கொடுத்துவிட்டு, செவ்வந்தியின் தோளைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

"உங்கய்யா எதுக்கு வாய மூடிக்கிட்டாருன்னு தெரியுமா உனக்கு?"

அவர் பந்தலை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில நாந்தான் சொன்னேன். மாப்ள, கம்ப்ரசர்னு நீங்க ஆரம்பிச்சா, எங்க வாங்குனீகன்னுதான் போலீசு மொதல்ல கேக்கும். ரசீதுல உங்க மக கையெழுத்து. கல்யாணமாகாத புள்ளையக் கொண்டுபோயி ஸ்டேசன்ல உக்கார வச்சா நாளைக்கு எவன் கட்டுவான்னு கேட்டேன். மனுசன் அஞ்சு நிமிசம் யோசிச்சாரு. அப்பறம் போலீசக் கூப்பிடச் சொல்லி, கண்ணு அசந்துட்டேன்னு சொல்லிட்டாரு. உன்னயக் காப்பாத்திட்டுப் போயிருக்காருத்தா. அதப் போயி நீயே நடுத்தெருவுல கொட்டப் போறியா?"

நல்லது செய்கிறவர் குரலில்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவள் தலையைத் தடவினார்.

செவ்வந்தி தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னைத்தான் எடுத்து அய்யாவின் வாயில் அடைத்திருக்கிறார்கள். பதினாலு மாதமும் அவர் அதைத் துப்பவில்லை.

"அஞ்சு நிமிசமா யோசிச்சாரு?" என்று கேட்டாள்.

"ஆமாத்தா. அம்புட்டுத்தான் இருக்கும்."

தலையிலிருந்த அவர் கையை எடுத்துக் கீழே விட்டுவிட்டு நேராகப் பந்தலுக்குள் நடந்தாள். அய்யாவின் காலடியில் போய் நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எங்கய்யா தூங்கல. வண்டியில காத்து இல்ல. பிரேக்குக்கு மட்டும் பத்துற சின்னக் கம்ப்ரசர மாட்டி, அதுலயே நாலு பலூனுக்கும் காத்து இழுத்தாக. அந்தக் கம்ப்ரசர எடுத்துக் குடுத்தது நானு. இந்தக் கையாலதான். வேணாம்னு ஒரு தடவதான் சொன்னேன். ரெண்டாவது தடவ சொல்லல. அது எம்மேல இருக்கு. எந்த ஸ்டேசனுக்குக் கூப்பிட்டாலும் வாரேன். என்னைய எவனும் கட்டவேணாம்."

ஒப்பாரி நின்றுவிட்டது. பின்னாலேயே ஓடிவந்த மாமா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார்.

"காத்து கொறஞ்சா கத்துறதுக்குன்னு வண்டியில ஒரு பஸ்ஸர் உண்டு. அது கத்தியிருந்தா எங்கய்யா ஒரு மைலுக்கு முன்னாடியே வண்டிய நிறுத்தியிருப்பாரு. அதோட வயர வெட்டச் சொன்னது யாருன்னு மாமாவக் கேளுங்க. வேற ஒண்ணும் கேக்க வேணாம்."

"புள்ள கண்டபடி..." என்று மாமா ஆரம்பித்தார்.

ஓரத்தில் சதக்கத்துல்லா பாய் எழுந்தார். "அல்லா அறியச் சொல்றேன். பெரிய கம்ப்ரசர அந்தப் புள்ள தரையோட இழுத்துக்கிட்டு வந்து காட்டுனத நான் என் கண்ணால பாத்தேன். இவருதான் வேணாம்னாரு. என் கடைச் சாமான்தான். கேட்டா நானும் வருவேன்."

கூத்தையா பெரியப்பா தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சேது. வயர யாரு வெட்டச் சொன்னது?"

"புள்ளைக முழிச்சுக்குதுன்னு பார்ட்டி..."

"யாருன்னு கேட்டேன்."

மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. "நாந்தான்" என்றார்.

"கேக்கல. அங்கன நிக்கிற கொட்டுக்காரனுக்கும் கேக்கணும்."

"நாந்தான் வெட்டச் சொன்னேன்! நாந்தான்! போதுமா?"

மூங்கில் பிளந்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். இந்த நிமிஷத்தை செவ்வந்தி எத்தனையோ தடவை மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறாள். மாமா இப்படித்தான் நிற்பார், குரல் இப்படித்தான் உடையும். எல்லாம் அப்படியே நடந்தது. அய்யாவின் வாய்க்கட்டுத் துணியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. குனிந்து அதை விரட்டினாள். அது சுற்றிவிட்டு அங்கேயே வந்து உட்கார்ந்தது.

"சரி" என்றார் கூத்தையா பெரியப்பா. "சொல்லிட்டான். ஊரும் கேட்டுருச்சு. மத்தத அப்பறம் பாப்போம். கோடியப் போடு சேது, நேரமாகுது."

மாமாவுக்கு உயிர் வந்தது. ஆள் நீட்டிய தாம்பாளத்திலிருந்து சேலையை எடுத்து விரித்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தங்கச்சியிடம் போனார். இராமலட்சுமி அவ்வளவு நேரமும் அண்ணன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே."

"சொல்லு ராமு."

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்தீக."

"வந்தேன்ல? ஒரு வாரம் தப்பலையே."

"நீங்க எந்திரிச்சுப் போனதும் அவுகள ஏசுவேன். எங்கண்ணனுக்கு மொகங்குடுக்கலைன்னு ஒவ்வொரு வாரமும் ஏசுவேன். தையில ஒரு ஞாயித்துக்கெழம, வேணும்னே சாயந்தரம் வரைக்கும் கஞ்சி குடுக்காமப் போட்டுட்டேன். அவுக கேக்கல."

மாமா சேலையோடு குனிந்தபடியே நின்றார்.

"பசிக்குதுன்னுகூடக் கேக்கலண்ணே."

அம்மா தான் கட்டியிருந்த பழைய சேலையின் முந்தானையை இழுத்து, இரண்டு தோளையும் மூடிப் போர்த்தி, இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"கொண்டு போங்க. எனக்குப் பொறந்த வீடு இல்ல."

பெண்கள் வாயில் கைவைத்தார்கள். "ஏம்மா, என்ன பேசுற!" என்று கூத்தையா பெரியப்பா ஓடிவந்தார். "கோடி விழாம எப்பிடித் தூக்குறது? நம்ம சனத்துல எங்கயாச்சும் உண்டா? நாள பின்ன ஒரு நல்லது கெட்டதுக்கு உனக்கு யாரு வருவா?"

"தூக்கச் சொல்லுங்க."

"இங்க பாரு..."

"பதினாலு மாசம் படுத்தே கெடந்த மனுசன். இன்னும் எத்தன நேரம் படுக்கப் போடுவீக? தூக்கச் சொல்லுங்க."

செவ்வந்தி அம்மாவைப் பார்த்தாள். அவள் கேட்டது மாமாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை மட்டும்தான். அதற்கு அப்பால் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் அண்ணனை விட்டால் யாருமில்லை. வாங்கிக்கம்மா என்று சொல்ல நாக்கு எழுந்தது. அம்மா இவள் பக்கம் திரும்பவே இல்லை. அந்த முந்தானைச் செருகலைப் பார்த்துவிட்டு செவ்வந்தி வாயை மூடிக்கொண்டாள்.

ஏந்திய சேலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாமா திரும்பினார். ஒரு நாற்காலியில் வைக்கப் போனார். அதில் உட்கார்ந்திருந்தவன் எழுந்திருக்கவில்லை. தன் வீட்டு ஆளைத் தேடினார். அந்த ஆளும் தாம்பாளத்தைத் திண்டில் வைத்துவிட்டு வெளியே போயிருந்தான். கடைசியில் மறுபடியும் மடிக்கப் பார்த்தார். ஒத்தையாளாகப் புதுச்சேலையை மடிக்க அவருக்கு வரவில்லை. சுருட்டி இடது கையில் தொங்கவிட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். கூத்தையா பெரியப்பா முணுமுணுத்துக்கொண்டே முதல் தோள் கொடுத்தார்.

தெரு முடிகிற இடத்தில் பெண்கள் நின்றுகொண்டார்கள். அதற்கு மேல் பெண்கள் போகக் கூடாது. சுடுகாடு கண்மாய்க்கு அந்தப் பக்கம். கண்மாயில் பொட்டுத் தண்ணீர் கிடையாது. கரைமேல் ஊர்வலம் ஏறுவது அங்கிருந்தே தெரிந்தது. கொட்டு முன்னால், பாடை, பாடைக்குப் பின்னால் ஆண்கள். பாயும் தொப்பியோடு அந்தக் கூட்டத்தில் நடந்தார். கடைசியில் மாமா. அவரை ஒட்டி நடந்த இரண்டு பேர் எட்டு வைத்து முன்னால் போனார்கள். அவர்களுக்கு அடுத்து இருந்தவனும் போனான். மாமாவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தரை தெரிந்தது.

கண்மாய்க்குள் மேய்ந்துகொண்டிருந்த செம்மறிக் கிடை கொட்டுச் சத்தத்துக்கு மிரண்டு கரைமேல் ஏறியது. ஏறி, அந்த இடைவெளியில் புகுந்து குறுக்கே இறங்க ஆரம்பித்தது. மாமா நின்றார். ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றின் வாலில் ஒன்று மூக்கை வைத்துக்கொண்டு கடந்தன. புழுதி எழும்பியது. சேலையின் நுனி காற்றில் பறந்து ஆட்டு முதுகில் பட்டது. அவர் அவசரமாக அதைச் சுருட்டி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

கடைசி ஆடும் இறங்கிப் போயிற்று. அவர் அங்கேயே நின்றார். கொட்டு அக்கரையில் கேட்டது.